அண்ணன் விட்டுப் போன மெட்டுகள்

'ராக்' சங்கீதம் என்ற பேச்சை எடுத்தாலே உங்களில் பலர் காதைப் பொத்திக் கொள்வீர்கள் என்பது தெரிந்த விஷயம். பொத்திக் கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. காதைப் பொத்திக் கொண்டே படிக்கக் கூடிய கதைதான் இது. சங்கீதம் இதில் பாதி. மற்றப் பாதி ஓர் அண்ணன் தம்பியின் சரித்திரம்.

ஏ.சி./டி.சி. என்று ஒரு ராக் கோஷ்டி. 2020-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி, 'பவர் அப்' என்ற ஆல்பத்தை அவர்கள் வெளியிட்டார்கள். அப்போது பாடகர் பிரையன் ஜான்சனுக்கு வயது 73. கிடார் வாசிக்கும் ஆங்கஸ் யங்குக்கு 65. பேரன் பேத்திகளை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டிய வயதில் இவ்வளவு சத்தம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் யங் தம்பதிகளுக்கு ஏழு பிள்ளைகள், ஒரே பெண். 1963-ல் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சிட்னியில் குடியேறினார்கள். அப்போது மால்கமுக்குப் பத்து வயது. கடைக்குட்டி ஆங்கஸுக்கு எட்டு. இவ்விருவரும் வளர்ந்து 1973-ல் ஒரு கோஷ்டி ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயர் கொடுத்தது யார் தெரியுமோ? அக்காள் மார்கரெட்தான்! மாற்று மின்சாரம், நேர் மின்சாரம் இரண்டிலும் ஓடும் என்பதற்கு அடையாளமாகத் தையல் மெஷினில் 'ஏ.சி./டி.சி.' என்று போட்டிருந்தது. அதையே வைக்கலாமே என்று அவர் யோசனை சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் கிடாரைத் தூக்கிக் கொள்ளும் தம்பியைப் பார்த்து, மேடைக்கும் அந்தச் சீருடையிலேயே போகலாம் என்று சொன்னதும் அவரேதான். அறுபதைத் தாண்டிய பிறகும் ஆங்கஸ் அரைக்கால் சட்டையும் டையுமாகத்தான் மேடையேறுகிறார்.

மேடையில் ஓடுவதும் குதிப்பதும் தம்பி. அண்ணன் மால்கமோ பின்னால் ஒதுங்கி நின்று, தாளக்கட்டு பிசகாமல் கிடாரை மீட்டிக் கொண்டிருப்பார். கோலத்தில் புள்ளி வைப்பது அண்ணன். அதைச் சுற்றி இழை இழுப்பது தம்பி. பார்க்கிறவர்கள் இழையைத்தான் மெச்சுவார்கள். புள்ளி பிசகினால் என்ன ஆகும் என்பது கோலம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியும்!

துக்கம் இவர்களுக்குப் புதிதல்ல. 1980 பிப்ரவரியில் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் லண்டனில் திடீரென்று காலமானார். பிரையன் ஜான்சன் வந்து சேர்ந்தார். அந்த வருஷம் ஜூலையிலேயே, இறந்தவருக்குத் துக்கம் காக்கும் விதமாகக் கறுப்பு அட்டையுடன் 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது. உலகத்திலேயே மிக அதிகமாக விற்பனையான ஆல்பங்களில் அது ஒன்று.

ஆனால், பின்னால் வந்த துக்கம் வேறு விதமானது. மெள்ள மெள்ள வந்தது. 2008-ல் 'பிளாக் ஐஸ்' ஆல்பம் வெளியாகி, கோஷ்டி உலகச் சுற்றுப் பயணம் புறப்பட்ட காலத்தில் மால்கமின் ஞாபகம் தடுமாறத் தொடங்கியது. முப்பது வருஷங்களுக்கு மேலாகத் தாமே வாசித்து வந்த பாட்டுகளை, மேடை ஏறுவதற்கு முன் புதிதாகக் கற்றுக் கொள்கிறவரைப் போல மறுபடியும் பழக வேண்டியிருந்தது. பழகினார்; வாசித்தார். 2014-ல் ஞாபக மறதி நோய் என்று உலகத்துக்குத் தெரிவித்துவிட்டு விலகினார். மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி யங் அவருடைய இடத்துக்கு வந்தார். சித்தப்பா ஆங்கஸுக்கும் இவருக்கும் இரண்டு வயது கூட வித்தியாசம் இல்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். 2016-ல் பிரையனை டாக்டர்கள் எச்சரித்தார்கள்: மேடையில் தொடர்ந்து பாடினால் காது அடியோடு கேட்காமல் போய்விடும்! அவர் நின்று கொண்டார். பாஸ் கிடார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். 2017 அக்டோபரில், தம்பிகளின் ஆரம்ப கால ஆல்பங்களைத் தயாரித்து அவர்களை ஆளாக்கிய அண்ணன் ஜார்ஜ் காலமானார். நாலு வாரத்துக்குள், நவம்பர் 18-ந் தேதி, மால்கமும் கண்ணை மூடினார். அவருக்கு வயது 64.

கோஷ்டியின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆங்கஸ் என்ன செய்தார் தெரியுமா? அண்ணனும் தாமும் வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டுச் சேர்த்து வைத்திருந்த மெட்டுகள் அடங்கிய பெட்டிகளைத் திறந்தார். 'பிளாக் ஐஸ்' வருவதற்கு முன்னால் இருவரும் கூடி உட்கார்ந்து போட்டு, அரைகுறையாக நின்று போனவை அவற்றில் நிறைய இருந்தன. விலகிப் போனவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் வந்தார்கள். 2018-ல் கானடாவின் வான்கூவர் நகரத்தில் ஒலிப்பதிவு நடந்தது.

'பவர் அப்' ஆல்பத்தில் பன்னிரண்டு பாட்டுகள். அத்தனையிலும் இயற்றியவர்கள் என்று ஆங்கஸ் யங், மால்கம் யங் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. பான் ஸ்காட்டுக்கு 'பேக் இன் பிளாக்' எப்படியோ, அப்படியே அண்ணனுக்கு இந்த ஆல்பம் என்று ஆங்கஸே சொல்லியிருக்கிறார்.

இவர்கள் வருஷக்கணக்காக ஒரே பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள் என்று பரிகாசம் செய்வோர் உண்டு. இந்த ஆல்பத்திலும் புதுமை ஒன்றும் பெரிதாக இல்லைதான். ஆனால், யோசித்துப் பாருங்கள். அம்மா போன பிறகு, அவள் வைக்கும் வற்றல் குழம்பை முதன்முதலாக மகள் வைக்கிறாள். அதில் புதிதாக எதையாவது சேர்க்க அவளுக்கு மனம் வருமா? அதே ருசி வந்திருக்கிறதா என்றுதானே கரண்டியால் எடுத்துக் கையில் விட்டுப் பார்ப்பாள்? 65 வயதுத் தம்பி செய்திருப்பதும் அதுவேதான். மாறாமல் இருப்பது இங்கே சோம்பேறித்தனம் அல்ல, விசுவாசம்.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்று தேசங்களிலும் ஆல்பம் விற்பனையில் முதலிடம் பெற்றது. காதுக்குப் புதுவிதக் கருவி கிடைக்கவே பிரையன் மறுபடியும் மேடை ஏறினார். 2024-ல் ஐரோப்பாவில் கோஷ்டி ஊர் ஊராகச் சென்று வாசித்தது.

நம் வீடுகளிலும் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறந்ததை எல்லாம் யாராவது ஒருவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். ஆகையால் ஆங்கஸின் மனசு உங்களுக்குப் புரியாமல் போகாது.

ஒரு நாள் மத்தியானம், வேலை ஓய்ந்த பிறகு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு இதில் ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். முன்னால் துள்ளுகிற கிடாரை விட்டுவிடுங்கள். பின்னால் நிதானமாகப் போகிற இன்னொரு கிடாரைக் கவனியுங்கள். வாசிப்பது அண்ணன் மகன். புள்ளி வைத்துக் கொடுத்தது மால்கம்.