அடுப்புப் புகைக்கு வழி விடுங்கள்



நெல், கரும்பு, உரம், பூச்சிமருந்து என்று எவ்வளவோ பேசுகிறோம். விளைந்த அரிசி கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அடுப்பு. அந்த அடுப்பைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. இன்றைக்கு அதைப் பேசுவோம். மூன்று கல் அடுப்பையோ, வாய் அகன்ற பழைய மண் அடுப்பையோ எடுத்துவிட்டு, புகைபோக்கி வைத்த சிறிய விறகு அடுப்பு ஒன்றைக் கட்டுவது எப்படி, அதனால் என்ன லாபம் என்பதுதான் விஷயம்.

"எங்க வீட்ல கேஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு விறகடுப்பு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சமையலை கேஸில் முடிக்க முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள், அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க, சிலிண்டர் தீர்ந்த நாலு நாள் சமாளிக்க என்று எத்தனையோ வீடுகளில் விறகு இன்னும் எரிகிறது. எரிகிற விறகு ஒழுங்காக எரியட்டும் என்பதுதான் நம்ம பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகு எரிந்தால் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி சூடு கிடைக்கும். ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 350 கிலோ கலோரி போதும். அதாவது 100 கிராம் விறகுகூட வேண்டாம். ஆனால் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடுதான் பானைக்குப் போகிறது. மீதி ஒன்பது பங்கு காற்றோடு போய்விடும். அதனால்தான் அந்த ஐந்து லிட்டருக்கு நாம் முக்கால் கிலோவுக்கு மேலேயே விறகு எரிக்கிறோம். பத்து மூட்டை நெல் ஏற்றிய வண்டியில் ஒரு மூட்டைதான் வீடு வந்து சேர்ந்தால் நாம் சும்மா இருப்போமா? அடுப்பு விஷயத்தில் மட்டும் தினமும் சும்மா இருக்கிறோம்.

ஒழுங்காகக் கட்டிய அடுப்பு ஐந்தில் ஒரு பங்கு சூட்டையாவது பானைக்குக் கொடுக்கும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இரண்டு கட்டு விறகு எரிந்த இடத்தில் ஒரு கட்டு போதும் என்று அதற்குப் பொருள். விறகு பொறுக்க நடக்கிற நடையும் பாதியாகும்.

விறகைவிடப் பெரிய சங்கதி உடம்பு. அடுப்பில் ஊதாங்குழலை வைத்து ஊதுகிறவர் யார்? நம்ம அம்மா, நம்ம வீட்டுக்காரம்மா. அவர் இடுப்பில் இருப்பது யார்? கைக்குழந்தை. விறகுப் புகையில் கரியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கின்றன. வருஷக்கணக்கில் இதைச் சுவாசித்தால் தீராத இருமல், மூச்சிரைப்பு, கண்புரை எல்லாம் வரும். குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறது. 2020-ல் வீட்டு அடுப்புப் புகையால் உலகம் முழுதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்கு ஏன் நெஞ்சில் சளி என்று கேட்கிறோமே, விடை பல வீடுகளில் அடுப்படியிலேயே இருக்கிறது.

மண்ணுக்கும் இதில் நஷ்டம் உண்டு. விறகு பற்றாத வீட்டில் சாணத்தை வரட்டியாகத் தட்டி எரிக்கிறோம். எரிகிற வரட்டியிலிருந்து தழைச்சத்து காற்றில் போய்விடுகிறது. மிஞ்சுவது சாம்பல்தான். வயலுக்குப் போக வேண்டிய எருவை அடுப்பில் கொளுத்திவிட்டு, பிறகு யூரியா மூட்டைக்குக் கடையில் நிற்கிறோம். அடுப்பில் விறகு மிச்சமானால் வயலில் எரு மிச்சமாகும்.

இந்த யோசனை புதிதல்ல. வார்தாவில் மகன்வாடியில் காந்தியத் தொண்டர்கள் 1947 வாக்கிலேயே புகைபோக்கி வைத்த 'மகன் சூலா' அடுப்பைக் கொண்டுவந்தார்கள். ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் மண்ணாலேயே ஒரு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். அதைப்பற்றி அவர் எழுதிய புத்தகம் 1953-ல் சென்னையிலிருந்து வெளிவந்தது. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 'அஸ்த்ரா ஒலெ' என்ற மூன்று பானை அடுப்பைச் செய்தார்கள். 1980-களில் மத்திய அரசு இதை நாடு தழுவிய திட்டமாக எடுத்து, 2002-ல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது.

அப்படியானால் அவ்வளவு அடுப்பும் எங்கே போச்சு? கேட்க வேண்டிய கேள்விதான் இது. பல இடங்களில் அவசரத்தில் கட்டினார்கள். வீட்டுப் பானைக்குப் பொருந்தாத துளை வைத்தார்கள். எப்படிப் பராமரிப்பது என்று அடுப்படியில் நிற்கிற அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. ஒடிசாவில் புதிய அடுப்பு வாங்கிய வீடுகளை ஆராய்ச்சியாளர்கள் நாலு வருஷம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு அடுப்பைச் சரியாக உபயோகிக்காமலும் பழுது பார்க்காமலும் விட்டதால் அந்தப் பலனும் போய்விட்டது. ஆக, அடுப்பு கட்டுவது பாதி வேலை, அதைக் காப்பாற்றுவதுதான் மீதிப் பாதி.

சரி, கட்டுவது எப்படி? நம்ம ஊரில் கொடியடுப்பு எல்லாருக்கும் தெரியும். ஒரு வாயில் தீ, பக்கத்துத் துளையில் இரண்டாவது பானை. அந்தக் கொடியடுப்பையே இன்னும் கொஞ்சம் திருத்தி, முடிவில் ஒரு புகைபோக்கி வைப்பதுதான் இந்த அடுப்பு.

புற்று மண் அல்லது களிமண்ணோடு மணல், நறுக்கிய வைக்கோல், சாணம் கலந்து, நாலைந்து நாள் ஊறவைத்து நன்றாக மிதியுங்கள். அடுப்பை வெளிச்சுவர் ஓரமாக, வாசல் காற்று நேராக அடிக்காத இடத்தில் அமையுங்கள். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், பத்து அங்குல உயரம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். பெரிய பானை வைக்கிற வீடாக இருந்தால் அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

விறகு வைக்கிற வாய் ஆறு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். வாய் பெரிதானால் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து சூட்டைக் கெடுக்கும். முதல் துளையில் உங்கள் வீட்டுச் சோற்றுப் பானையையே வைத்து அளவெடுங்கள். பானை சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். பானையின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஆறேழு அங்குலம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் தீ மூச்சுத் திணறிப் புகையும். அதிகமானால் தீ பானையை எட்டாது.

முதல் துளையிலிருந்து இரண்டாவது துளைக்கு மூன்று நாலு அங்குலச் சுரங்கம் ஒன்று, மேல் நோக்கிச் சரிவாகப் போகட்டும். இரண்டாவது பானைக்குக் கீழே தரையை உயர்த்திவிடுங்கள். பானைக்கும் அந்தத் தரைக்கும் ஒன்றரை அங்குலம் இருந்தால் போதும். அப்போதுதான் போகிற சூடு பானையைத் தடவிக்கொண்டு போகும். அங்கிருந்து நாலு அங்குலக் குழாய் புகைபோக்கியாக மேலே போகிறது. அதன் அடியில் கரி எடுக்க ஒரு துளை வைத்து, செங்கல் துண்டால் அடைத்து வையுங்கள்.

புகைபோக்கிக்குச் சுட்ட மண் குழாயோ தகரக் குழாயோ நல்லது. தகரம் துருப்பிடித்தால் மாற்ற வேண்டும். பழைய நாளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தார்கள். அதை அறுக்கும்போது வருகிற தூசி நுரையீரலுக்கு ஆகாது, அது வேண்டாம். பிளாஸ்டிக் குழாயை நினைத்தே பார்க்காதீர்கள், உருகிவிடும். குழாய் கூரைக்கு மேல் இரண்டடியாவது நிற்கட்டும், மழை விழாமல் மேலே ஒரு தொப்பி போடுங்கள். கூரை வீடாக இருந்தால் இதை முக்கியமாகக் கவனியுங்கள்: குழாயைச் சுற்றி நாலு பக்கமும் ஓரடி தூரத்துக்குக் கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் பதியுங்கள். ஓலையைக் குழாய் தொடவே கூடாது.

கட்டி முடித்ததும் அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் காயட்டும். விரிசல் கண்ட இடத்தை மெழுகிவிட்டு, முதலில் சின்னத் தீயாக வையுங்கள். இரண்டு துளையிலும் பானையை வைத்து, வாயில் வைக்கோல் பிரி ஒன்றைக் கொளுத்திக் காட்டுங்கள். புகை உள்ளே இழுத்துப் போனால் அடுப்பு சரி. முகத்தில் அடித்தால் எங்கேயோ அடைப்பு அல்லது இடைவெளி இருக்கிறது என்று தேடுங்கள்.

எரிக்கிற முறையும் உண்டு. பச்சை விறகில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே விறகு செலவாகும், புகையும் பெருகும். மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்து, வெயிலில் காயவைத்து, மழைக்கு முன்னால் கூரைக்குள் அடுக்கிவிடுங்கள். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்க. கணீர் என்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். சீமைக் கருவேலோ, சவுக்கோ, துவரை மாரோ எதுவானாலும் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வேண்டாம். மூன்று நாலு குச்சி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். வாயை அடைத்துத் திணித்தால் காற்று போக வழியில்லை. இரண்டாவது துளையை ஒருநாளும் திறந்து விடாதீர்கள். சமைக்க ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர்ப் பானையை வையுங்கள், வெந்நீர் சும்மா கிடைக்கும். பானைக்கு மூடி போடுங்கள், பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி அடுப்புப் பற்றவைக்கிற பழக்கம் கூடவே கூடாது, அந்தப் புகை விஷம்.

வாரம் ஒருமுறை சுரங்கத்தில் சேர்ந்த கரியை எடுங்கள். மாதம் ஒருமுறை, மூங்கில் கழியில் தென்னந்துடைப்பம் கட்டிப் புகைபோக்கியைத் துடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும். சேர்ந்த கரி ஒருநாள் குழாய்க்குள் தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து. ஏறித் துடைக்கிற இந்த வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த சாம்பலை நன்றாக ஆறிய பிறகே எருக்குழியில் போடுங்கள். வைக்கோல் போர் பக்கம் கொட்டாதீர்கள். சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் இருப்பதால் பல பயிருக்கு நல்லது. களர் நிலத்துக்கு மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். கனல் இருக்கும் அறையில் கதவு, ஜன்னலை அடைத்துப் படுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். புகைபோக்கி இருந்தாலும் சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், கைக்குழந்தை வெளியே இருக்கட்டும்.

செலவு பெரிதாக இல்லை. மண் நம்முடையது, சாணம் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. காசு கொடுத்து வாங்குவது குழாயும் ஒரு தகரத் துண்டும்தான். கட்டுவதற்கு முன்னால் அடுப்படியில் நிற்கிறவரைக் கேளுங்கள்: எந்தப் பானை, எவ்வளவு உயரம், உட்கார்ந்து சமைப்பதா, நின்று சமைப்பதா? அவர் சொல்கிறபடி கட்டினால்தான் அந்த அடுப்பு நிலைக்கும். அறுவடை முடிந்து கை ஓய்வாக இருக்கிற நாளில் இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.