வாகனக் கூரையில் ஓர் அன்ரனா

சீ.பி. றேடியோ பற்றி நான் பேசியதைக் கேட்ட சிலர், "கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு?" என்று கேட்டார்கள். 2021 யூலையில் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது மின்சாரமும் போனது, கைத்தொலைபேசி இணைப்பும் போனது. சீ.பி.க்கு இடையில் எந்தக் கோபுரமும் வேண்டாம். வாகனத்தில் பாவிப்பதற்கு யேர்மனியில் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அன்ரனாவைச் சரிபார்க்காவிட்டால் அது வெறும் அலங்காரம்தான்.

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். ஒருமுறை ஹாம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு இரண்டு வாகனங்களில் போனோம். புதிய அன்ரனாவைக் கூரையில் ஒட்டியவுடன் பேசத் தொடங்கிவிட்டேன். முன்னால் போன மச்சானுக்கு என் குரல் கேட்கவேயில்லை. திரும்பி வரும்போது றேடியோவின் வெளியீட்டுத் திரான்சிஸ்ரர் எரிந்துபோயிருந்தது. கடைக்காரர் எச்சரித்தும் கேளாதது என் பிழை.

சீ.பி. அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர். அதில் கால்பங்கு, அதாவது 2.75 மீற்றர், அன்ரனாவுக்கு உகந்த நீளம். அவ்வளவு உயரக் கம்பியைக் காரில் வைக்க முடியாது. அதனால் ஒரு சுருளை வைத்துக் கம்பியைக் குறுக்குகிறார்கள். மற்றப் பாதி வேலையைக் கூரைத் தகடு செய்கிறது. கூரையின் நடுவே சிறந்த இடம். காந்த அடி அலுமினியத்திலோ பிளாஸ்ரிக்கிலோ ஒட்டாது.

அன்ரனா பொருந்தாவிட்டால் சக்தியின் ஒரு பகுதி திரும்பி வரும். கணக்காளர் கண்ணுக்கு இது விற்ற சரக்குத் திரும்பி வருவதுபோல. நிலையலை விகிதம் 1.5 என்றால் 4 வீதம் திரும்பும், கவலையில்லை. 2 என்றால் 11 வீதம். 3 என்றால் 25 வீதம், அதாவது 4 வாற்றில் 1 வாற். அங்கே பேச்சை நிறுத்துங்கள்.

இதை அளக்கும் சிறு மீற்றரை றேடியோவுக்கும் அன்ரனா வயருக்கும் நடுவே பூட்டி, வெளியான இடத்தில், கதவுகளைச் சாத்திவிட்டு, ஆளில்லாத சனலில் அளக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். யேர்மன் 80 சனல் றேடியோவில் ஆகக் குறைந்த அதிர்வெண் சனல் 1 அல்ல, சனல் 41 (26.565 மெகாஹேட்ஸ்). ஆகக் கூடியது சனல் 40 (27.405). நடு, சனல் 3. பழைய கையேட்டைப் பார்த்து 1க்கும் 40க்கும் மட்டும் சரிசெய்தால் மற்ற 40 சனல்கள் கைவிடப்பட்டுவிடும்.

சனல் 41இல் விகிதம் கூடவென்றால் கம்பி கட்டை, சற்று நீட்டுங்கள். சனல் 40இல் கூடவென்றால் கம்பி நீளம். சில மில்லிமீற்றர் மட்டும் உள்ளே தள்ளுங்கள். வெட்டுவது கடைசி வழி, வெட்டியதை ஒட்ட முடியாது. எல்லாச் சனலிலும் 3க்கு மேல் காட்டினால் கம்பியை விட்டுவிட்டு வயரையும் பிளக்கையும் காந்த அடியையும் பாருங்கள்.

இன்னொன்று: மிக அழகான எண்ணையும் நம்பிவிடாதீர்கள். ஈரம் புகுந்த வயர் சக்தியைத் தானே விழுங்கிவிட்டு 1.1 என்று காட்டும். பிழையே இல்லாத கணக்குப் புத்தகத்தைக் கண்டால் எனக்கு வரும் சந்தேகம் இங்கேயும் வரும். ஆகவே அளந்த பிறகு இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் ஒருவரை நிறுத்திப் பேசிப் பாருங்கள். ஓடும்போது சாரதி ஒலிவாங்கியைக் கையில் பிடிப்பது இன்று சட்டப்படி தடை. பக்கத்தில் இருப்பவர் பேசட்டும்.