குரல் பெற்ற கிற்றார்

பேரவையில் மெல்லப் பேசுவோன் சொல், எத்துணைச் சிறந்ததாயினும், செவியேறாது. ஜாஸ் இசைக்குழுவிற் கிற்றாரின் நிலையும் முன்னர் அதுவே. எக்காளங்கள் முழங்க, அது தாளத்துக்குத் துணைசெய்வதோடு அமைந்தது.

1936 இல் அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிலகம் 'இ.எஸ். 150' என்னும் மின்கிற்றாரை வெளியிட்டது. வயலினைப் போல வளைந்த முகப்பலகையும் உள்ளீடற்ற உடலும் உடையது அது. உருக்குத் தந்திகளின் கீழே காந்தமேற்றிய தகடும் அதனைச் சூழ்ந்த கம்பிச்சுருளும் அமைந்தன. தந்தி அதிரக் காந்தப்புலம் மாறும். அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். அதனை ஒலிபெருக்கி பேரொலியாக்கும்.

1939 இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த சார்லி கிறித்தியன் என்னும் கறுப்பின இளைஞர் இக்கருவியிலே தனித்து இசைத்தார். சுரங்கள் சக்சபோனின் சுரங்கள்போலத் தெளிந்தொலித்தன. துணைக்கருவி தலைமைக்கருவியாயிற்று.

குறையும் உண்டு. ஒலிபெருக்கியின் ஓசையை ஏற்று உள்ளீடற்ற உடல் தானும் அதிரும். ஓசை மிகின் ஊளையிடும். அக்குறை நீங்கத் திண்ணிய உடலுடைய கிற்றார்கள் பின்னர் எழுந்தன. எனினும், கனிந்த நாதம் வேண்டுவோர் இன்றும் பழையதையே நாடுவர்.

1942 இல், 25 ஆம் வயதில், கிறித்தியன் காசநோயால் மறைந்தார். குட்மன் குழுவிற் சேர்ந்து மூன்றாண்டும் நிறையவில்லை; கிற்றாரின் வரலாறோ மாறிவிட்டது. மாணவர்காள், ஆற்றல் அகத்தே இருத்தல் மட்டும் போதாது. அது பிறர் செவிசேரும் வழியையும் தேடல் வேண்டும்.