ரசாக்சாட்டை ஏவியது யார்?

கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றுக்குப் போயிருக்கிறீர்களா? பழைய பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் அங்கே ஒரே உச்சியில் நிற்கின்றன. கப்பலுக்கு வழிகாட்ட உயரம் வேண்டும். எதிரியைக் கண்காணிக்கவும் அதே உயரம்தான் வேண்டும். விண்வெளியும் அப்படி ஓர் உயரமான இடமே. நம் நாட்டுச் செயற்கைக்கோள்களின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

2009 ஜூலை 14ஆம் நாள் மலேசியாவின் ரசாக்சாட் விண்ணில் ஏவப்பட்டது. இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயர் கொண்ட அதன் எடை சுமார் 180 கிலோ. அதைச் சுமந்து சென்ற ஃபால்கன் 1 ராக்கெட், அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த ராக்கெட்டின் முதல் மூன்று பயணங்கள் தோல்வி. நான்காவது வென்றாலும், அதில் வைத்திருந்தது வெறும் மாதிரி எடைதான். ஆகவே, ஃபால்கன் 1 சுற்றுப்பாதையில் சேர்த்த முதல் செயல்படும் செயற்கைக்கோள் நம்முடையது.

ஏவிய இடம் பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ஓமெலெக். ஏன் அவ்வளவு தூரம்? அத்தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகையில் உள்ளது. அங்கிருந்து நேர் கிழக்கே ஏவினால், செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு இருபுறமும் 9 பாகைக்குள்ளேயே சுற்றும். மலேசியா முழுவதும் இந்தப் பட்டைக்குள் அடங்குகிறது. துருவங்கள் வழியே சுற்றும் செயற்கைக்கோள் நம்மைக் கடக்கச் சில நாள்கள் ஆகலாம். ரசாக்சாட்டோ நாளுக்குப் பத்து முறைக்கும் மேல் கடந்தது. மேகம் மூடிய நம் வானத்தில், இடைவெளி கிடைக்கும்போது படமெடுக்க இது பெரிய வசதி.

இனி தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். ராக்கெட் தனியாருடையது. ஆனால் ஓமெலெக், அமெரிக்கத் தரைப்படையின் ஏவுகணைச் சோதனைத் தளத்திற்குள் இருக்கிறது. ராக்கெட்டைத் தொடரும் ரேடார் வசதியும் அத்தளத்தினுடையது. 2006இல் ஃபால்கன் 1 முதன்முறை கிளம்பியபோது அதில் இருந்ததும் அமெரிக்க விமானப்படைக் கழகத்தின் சிறு செயற்கைக்கோள்தான்.

இதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு. நம் முதல் நுண் செயற்கைக்கோளான தியோங்சாட்-1, 2000 செப்டம்பரில் பைக்கானூரிலிருந்து தினெப்பர் ராக்கெட்டில் சென்றது. தினெப்பர் என்பது அணுகுண்டு சுமக்கச் செய்யப்பட்ட சோவியத் ஏவுகணையின் மாற்றுருவம்.

ஏவுகணைக்கும் ராக்கெட்டுக்கும் அடிப்படை அறிவியல் ஒன்றே. நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தைப் பக்கவாட்டில் எட்டினால், சுமை பூமியைச் சுற்றும். எட்டாவிட்டால் தரைக்குத் திரும்பும்.

கேமராவும் அப்படியே. ரசாக்சாட் 2.5 மீட்டர் வரை நுணுக்கமாகப் பார்க்க வடிவமைக்கப்பட்டது. வளர்ந்த செம்பனையின் தலை அதைவிட அகலம். நம் தோட்டங்களில் மரத்தை எண்ணக்கூடிய கண், முகாமில் நிற்கும் லாரிகளையும் எண்ணும்.

ரசாக்சாட் ஏறக்குறைய ஓராண்டிலேயே செயலிழந்தது. ஆனால் அது விட்டுச்சென்ற பாடம் இன்றும் பயன்படும். சொந்த ராக்கெட் இல்லாத நாடு, பிறருடைய ஏவுதளத்தையும் அனுமதியையும் நம்பித்தான் செயற்கைக்கோள் அனுப்ப வேண்டும். அடுத்த முறை ‘தனியார் ராக்கெட்’ என்று செய்தியில் படித்தால், ஏவுதளம் யாருடையது, முதல் வாடிக்கையாளர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.