முன்சக்கரம் இழுக்கும் வண்டி

மாட்டு வண்டியை மாடு முன்னின்று இழுக்கிறது. தள்ளு வண்டியை ஆள் பின்னின்று தள்ளுகிறான். காரிலும் இவ்விரு வகை உண்டு. அம்பாசிடர் பின்சக்கரங்களால் ஓடியது. 1983-இல் வந்த மாருதி 800 முன்சக்கரங்களால் ஓடியது. கடைத்தெருவுக்குக் காரில் போகிறவர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. சிமுலேட்டர் எனப்படும் கணினிக் கார்ப்பந்தயத்தில் அமர்ந்தவரோ முதல் வளைவிலேயே உணர்ந்துவிடுவார்!

புதியவர் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். முன்சக்கர வண்டி திரும்ப மறுத்து, வெளிப்புறப் புல்தரையை நோக்கிப் போகிறது. ஸ்டியரிங்கை இன்னும் திருப்புகிறார், பயனில்லை. பழி கணினியின் மேல் விழுகிறது.

பிழை கணினியுடையதன்று. டயர் தரையைப் பற்றும் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. பின்சக்கர வண்டியில் வண்டியை ஓட்டும் வேலை பின் டயர்களுக்கு, திருப்பும் வேலை பெரும்பாலும் முன் டயர்களுக்கு. முன்சக்கர வண்டியிலோ இரு சுமையும் முன் டயர்களின் தலையில்தான். இவ்விரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே நாம் பள்ளியில் படித்த பித்தகோரஸ் தேற்றம் இங்கே உதவுகிறது. பிடியில் 80 விழுக்காடு இழுப்பதற்குச் செலவானால், திருப்புவதற்குச் சுமார் 60 விழுக்காடு எஞ்சும். முழுவதும் இழுப்பதற்கே போனால் எஞ்சுவது பூச்சியம். சிமுலேட்டர் இத்தகைய கணக்கை ஒவ்வொரு டயருக்கும் நொடிக்குச் சில நூறு முறை போடுகிறது.

அப்படியானால் காலை எடுத்துவிடலாமே எனலாம். எடுத்தால் வண்டியின் பாரம் முன்னே சாய்ந்து, முன் டயர்கள் நன்கு பிடிக்கும். ஆனால் திடீரென எடுத்தால், பாரம் குறைந்த பின்பகுதி வழுக்கி வெளியே வீசும். அஞ்சிப் பிரேக்கை அழுத்தினால் வண்டி சுழன்றே போகும். அப்போது செய்யவேண்டியது நேர்மாறானது: போகவேண்டிய திசையில் சக்கரத்தைத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கர வண்டியில் பழகிய கால் இதற்கு எளிதில் இணங்காது.

இந்த வழுக்கலையே ஆயுதமாக்கியவர்கள் ஸ்காண்டிநேவிய ராலி ஓட்டுநர்கள். வலக்காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்தபடி இடக்காலால் பிரேக்கைத் தொட்டு, வண்டியின் பின்பகுதியை வேண்டுமென்றே வழுக்கச் செய்தனர். முன்சக்கர வண்டியான சாப்பில் சுவீடனின் எரிக் கார்ல்சன் 1962, 1963-ஆம் ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றார். சின்னஞ்சிறு மினியும் 1964, 1965, 1967-இல் அங்கு வென்றது.

அவர்களுக்கு இருந்த ஒரு வசதி நமக்கில்லை. உண்மை வண்டியில் பின்பகுதி வழுக்குவதை இருக்கையே உடலுக்குச் சொல்லிவிடும். வீட்டு நாற்காலி ஒன்றும் சொல்லாது; திரை சுழன்ற பின்னரே கண் அறிகிறது. கைக்கு மட்டும் ஒரு செய்தி வரும். முன் டயர்கள் எல்லை கடக்கும்போது ஸ்டியரிங் இலேசாகிவிடும். அப்போது மேலும் திருப்பாமல், சற்றே நேராக்கினால் வண்டி திரும்பும். இதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.