பாதிப் படங்கள் பெண்களுக்கு, பாதிப் பணம்?

அரசுப் பணத்தில் படம் எடுப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். கனடாவின் டெலிஃபிலிம் நிறுவனம் 2016இல் ஓர் இலக்கு வைத்தது: தான் நிதி கொடுக்கும் படங்களில் இயக்கம், திரைக்கதை, தயாரிப்பு ஆகிய மூன்று பொறுப்புகளிலும் 2020க்குள் ஆண், பெண் சமநிலை வர வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எண்ணுவதில் காரணம் இருக்கிறது. தயாரிப்பில் பெண்கள் நிறையப் பேர் இருந்தால், மூன்றின் சராசரி, இயக்கத்தில் உள்ள குறையை மறைத்துவிடும்.

பெரிய சிக்கல் பணத்தில்தான். பத்துப் படங்களில் ஐந்தைப் பெண்கள் இயக்கினால் சரிபாதி. அந்த ஐந்தும் தலா ஒரு கோடி, ஆண்கள் இயக்கிய ஐந்தும் தலா ஒன்பது கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களின் கைக்குப் போன பணம் பத்தில் ஒரு பங்குதான். ஆண்டறிக்கையிலோ "50 சதவீதம்" என்று ஜம்மென்று அச்சாகும்!

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. கனடாவில் பட்ஜெட் 25 லட்சம் டாலரைத் தாண்டிய படங்களில் பெண் இயக்குநர்கள் குறைவு என்பது டெலிஃபிலிமின் கணக்கிலேயே தெரிந்தது. இயக்குநர்களில் பெண்களின் பங்கை வேகமாக உயர்த்திப் பெயர் வாங்கிய ஸ்வீடன் திரைப்பட நிறுவனமும், 2018 அறிக்கையில் பணத்தைத்தான் கையிலெடுத்தது. பெண்கள் இயக்கும் படங்களுக்கு பட்ஜெட் சிறியது என்றது அந்த அறிக்கை.

இதை முன்பே யோசித்தது கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம். பாதிப் படங்களைப் பெண்கள் இயக்க வேண்டும், தயாரிப்புச் செலவில் பாதியும் அவர்கள் படங்களுக்குப் போக வேண்டும் என்று 2016 மார்ச்சில் இரட்டை இலக்கு வைத்தது. அடுத்த ஆண்டு ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை, இசை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. ஒளிப்பதிவும் இசையும் எங்கும் ஆண்கள் கோட்டைகள். அவற்றை எண்ணாத கணக்கு பாதிக் கணக்குதான்.

நிதி கேட்டு விண்ணப்பித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணும் வேண்டும். அது இல்லாவிட்டால், பெண்கள் வாசலுக்கே வரவில்லையா, வந்தும் தேர்வுக்குழு திருப்பி அனுப்பியதா என்று தெரியாது. முதலாவதற்குப் பயிற்சி மருந்து. இரண்டாவதற்குத் தேர்வுக்குழுவை மாற்ற வேண்டும்.

ஆகவே எந்த நாட்டு அரசு அமைப்பு "பாதிக்குப் பாதி" என்று அறிவித்தாலும், படங்களில் பாதியா, பணத்தில் பாதியா என்று கேளுங்கள். பதில் ஒன்றுக்குத்தான் வருகிறது என்றால், அந்த அறிவிப்பை நம்ப வேண்டியதில்லை.