நாரி நோவும் நாலு படம் கீறிய தாளும்

"காணி போனாலும் கைகால் இருக்குது, பிழைச்சுக் கொள்ளலாம்" என்று இடம்பெயர்ந்த எமது விவசாயிகள் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் கைகாலும் மறுத்துவிட்டால் குடும்பத்தின் கதி என்ன?

அண்மையில் நாம் சந்தித்த ஐயா ஒருவரை இந்தக் கேள்விதான் வாட்டியது. வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர் அவர். 1990 இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். பல இடங்கள் மாறி, இப்போது பிறருடைய தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொத்துகிறார். ஒரு நாள் மண்வெட்டியோடு குனிந்தவரால் நிமிர முடியவில்லை. நாரி பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமை பாயில் கிடந்தார். எண்ணெய் பூசினார், நோவுக் குளிசை போட்டார். பின்னர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டொக்டர் பார்த்துவிட்டு இயன்மருத்துவரிடம் போகும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்.

"எண்ணெய் போட்டு உருவி விடுவினம், இல்லாட்டி கரண்ட் பிடிப்பினம் எண்டு நினைச்சுப் போனன். அந்தப் பிள்ளை என்னைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லிப்போட்டு, ஒரு தாளில நாலு படம் கீறித் தந்து விட்டிட்டா. இதுக்கோ ஒரு நாள் கூலியை விட்டிட்டுப் போனனான்?" என்றார். அந்தத் தாள் கூரைத் தடியில் செருகியபடி இருந்தது.

இவரைப் போல முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அங்கே என்ன நடக்கும் என்பதை முன்னரே அறிந்து போனால் இந்த ஏமாற்றம் வராது.

யார் இந்த இயன்மருத்துவர்?

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லப்படுபவரே இயன்மருத்துவர். தசை, மூட்டு, நரம்பு ஆகியவற்றின் இயக்கத்தைப் பரிசோதித்து, இழந்த இயக்கத்தை மீட்கப் பயிற்சி அளிப்பது அவருடைய தொழில். நாரி நோவு, முழங்கால் நோவு மட்டுமல்ல; முறிவு பொருந்திய பின் விறைத்த கை, பாரிசவாதத்தால் விழுந்த கைகால், நடக்கப் பிந்தும் குழந்தை, கால் இழந்தவர் எல்லோருக்கும் அவருடைய உதவி வேண்டும். போதனா வைத்தியசாலைகளிலும் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. அங்கே கட்டணம் இல்லை. சிறிய கிராம ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால், எங்கே போகலாம் என்று அங்குள்ள டொக்டரிடம் கேளுங்கள்.

கொண்டு போக வேண்டியவை

டொக்டர் தந்த துண்டு, கிளினிக் கொப்பி, எக்ஸ்றே எடுத்திருந்தால் அது, குடிக்கும் குளிசைகள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முழங்காலையோ முதுகையோ பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் தளர்வான உடுப்பு நல்லது. பெண்கள் கூட ஒருவரை அழைத்துப் போகலாம். திரை மறைவில் பார்க்கும்படி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் நாளில் நடப்பது

முதலில் கேள்விகள்தான். நோவு எப்போது தொடங்கியது? எந்த வேலையில் கூடுகிறது? எப்படிக் கிடந்தால் குறைகிறது? காலுக்குள் இறங்குகிறதா? நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி போடுவீர்கள் என்றும் கேட்கலாம். பூச்சியம் என்றால் நோவே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. அடுத்த முறை குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுவதற்கே இந்தக் கணக்கு.

பிறகு குனிய, நிமிர, நடக்கச் சொல்லுவார். படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்திப் பார்ப்பார். தோலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும், தமது கையைத் தள்ளச் சொல்லிப் பலம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். இதெல்லாம் வீண் வேலையல்ல. கோளாறு எங்கே என்று தேடுவது இப்படித்தான்.

சிலருக்குச் சூடு பிடிப்பார்கள், சிலருக்கு மின்கருவி வைப்பார்கள். இவை நோவைச் சிறிது நேரம் தணிக்கும். நாரி நோவுக்கு மூலமருந்து பயிற்சியே. அதைச் செய்ய வேண்டியவர் நோயாளி. செய்ய வேண்டிய இடம் வீடு.

படுத்துக் கிடந்தால் மாறாதா?

நாரி பிடித்தால் அசையாமல் படுப்பதே எமது வழக்கம். 1986 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நாரி நோவுக்காரர் 203 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு நாள் படுக்கையும், மறுபகுதியினருக்கு ஏழு நாள் படுக்கையும் சொல்லப்பட்டது. இரண்டு நாள் என்று சொல்லப்பட்டவர்களே குறைந்த வேலைநாட்களை இழந்தார்கள். நெடுநாள் கிடந்தால் தசை பலம் இழக்கும், மூட்டு விறைக்கும். ஆகவே தாங்கக்கூடிய அளவில் நடமாடுவதே நல்லது.

மறைக்காமல் சொல்லுங்கள்

எமது ஐயாவின் கதைக்கு வருவோம். நாம் வற்புறுத்தியதால் இரண்டாம் முறை மனைவியோடு போனார். "தாளில உள்ளதைச் செய்தீங்களா ஐயா?" என்று அந்தப் பிள்ளை கேட்க, இவர் பேசாமல் இருந்தார். மனைவிதான் வாய் திறந்தார்.

"எங்களிட்டக் கட்டில் இல்லைப் பிள்ளை. இந்தப் படமெல்லாம் கட்டிலில படுத்துச் செய்யிறது. இவர் கிடக்கிறது பாயில. விடியக் கொத்தப் போறார். வந்து தண்ணிக் கான் தூக்கிறார்."

முதல் நாளில் "என்ன வேலை?" என்று கேட்டபோது "சும்மா தோட்டம்" என்று மட்டும் சொன்னாராம். கூலிக்குக் கொத்துவதாகச் சொன்னால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். நிறுத்தினால் அடுப்பு எரியாது.

ஆனால் அந்தப் பிள்ளை நிறுத்தச் சொல்லவில்லை. பாயில் செய்யக்கூடிய பயிற்சிகளாக மாற்றிக் கொடுத்தார். பாயிலிருந்து எழும்போது ஒருபக்கம் திரும்பி, கையை ஊன்றி எழும்பப் பழக்கினார். அரை மணிக்கு ஒருமுறை மண்வெட்டியை வைத்துவிட்டு, இரு கைகளையும் நாரியில் ஊன்றி மெல்லப் பின்னால் சாயச் சொன்னார். ஒரு முழுக் கானை ஒரு கையால் தூக்காமல், இரண்டு கான்களில் பாதி பாதியாக இரு கைகளிலும் தூக்கச் சொன்னார். மண்வெட்டிப் பிடியை நீளமாகப் போட்டால் குனிவு குறையும் என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் கட்டில் இல்லை, மலசலகூடம் தூரம், பஸ் காசு இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறை வர முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் செய்வதைக் கூட்டி, வருகையைக் குறைத்துத் தர இடமுண்டு. தாளில் விளங்காததை அங்கேயே செய்து காட்டிக் கேளுங்கள்.

எவ்வளவு நோவு சரி?

பயிற்சி தொடங்கியதும் ஓரிரு நாள் தசை உளைவது வழமை. நோவு கூடிக்கொண்டே போனாலோ, காலுக்குள் இறங்கினாலோ பயிற்சியை நிறுத்தி, இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடையிடுக்கு மரத்துப் போதல், சலம் மலம் கட்டுப்படாமல் போதல் அல்லது சலம் அடைத்தல், கால் பலம் இழத்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாரி நோவோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தாலும், விழுந்த பின் நோவு வந்தாலும் டொக்டரிடம் தாமதியாமல் காட்டுங்கள்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு சொல்: சுகமாக இருக்கட்டும் என்று எஞ்சிய காலுக்கடியில் தலையணை வைக்காதீர்கள். முழங்கால் மடங்கியபடி விறைத்துவிட்டால், பொய்க்கால் பொருத்தி நடப்பது கடினம்.

ஐயா இன்று

இரண்டு மாதத்தின் பின் ஐயாவை மீண்டும் கண்டோம். நோவு முற்றாக மாறவில்லை. மழைக்குளிரில் விடியற்காலை நாரி இறுகுகிறதாம். ஆனால் கிழமையில் ஐந்து நாள் வேலைக்குப் போகிறார். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறார். கூரைத் தடியில் இருந்த தாள், பாய்க்குப் பக்கத்துத் தட்டியில் குத்தியிருக்கிறது.

"பேரப்பிள்ளையும் என்னோட சேர்ந்து செய்யிறான்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டுக் கூரையிலும் அப்படி ஒரு தாள் செருகிக் கிடந்தால், இன்றே இறக்கி எடுங்கள்.